கதவைத் திறந்து வையுங்கள்

மோட்டார் கண்காட்சி நடத்தும் அமைப்பினருக்கும் கார் நிறுவனத்தாருக்கும் ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்திலிருந்து வணக்கம்.

உங்கள் கண்காட்சிகளில் ஒன்றுக்கு எங்கள் ஊர்ப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே பயணம். வெயிலில் வரிசை. உள்ளே போனால் புதுக் கார் மேடையில் சுழல்கிறது. கதவு பூட்டியிருக்கிறது, பானெட் மூடியிருக்கிறது, கண்ணாடியெல்லாம் கறுப்பு ஃபிலிம். உடன் வந்தவர்களில் ஒருவன் ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்பவன். "அடித்தகடு துத்தநாகம் பூசி கால்வனைஸ் செய்ததா சார்? கதவுக்குள்ளே துரு பிடிக்காம என்ன அடிக்கிறீங்க?" என்று கேட்டான். ஸ்டாலில் நின்றவருக்குத் தெரியவில்லை. "வெப்சைட்ல பாருங்க" என்றார். அடுத்த நிமிடமே, வீடியோ எடுக்கிறார்கள், தள்ளி நில்லுங்கள் என்றார்கள். பையன் ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிட்டான். எனக்குத்தான் ஆறவில்லை.

அவன் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை ஐயா. எங்கள் கரையில் காரைத் தின்பது உப்புக்காற்று. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளை மணல் அடைத்துக்கொள்ளும். ஈரம் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து துரு கிளம்பும். பெயின்ட் கொப்பளித்து நம் கண்ணுக்குத் தெரியும்போது தகடு போயிருக்கும். சக்கர வளைவு, பிரேக் குழாய், சைலன்சர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தனுஷ்கோடி தாண்டிக் கடல்முனையான அரிச்சல்முனை வரை வண்டி ஓட்டுகிறவர்கள் அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்காமல் கார் வாங்கலாமா? அதைப் பார்க்கத்தான் வந்தோம். கதவைத் திறந்து வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

1986-இல் டெல்லி பிரகதி மைதானத்தில் தொடங்கிய ஆட்டோ எக்ஸ்போ கண்காட்சியில், 2008-இல் டாடாவின் நானோ காரைப் பார்க்க முண்டியடித்த கூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023-இல் மஹிந்திரா, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் போன்றவர்கள் அந்த எக்ஸ்போவில் கார் வைக்கவே இல்லை. 1905-இல் தொடங்கிய ஜெனீவா கார் கண்காட்சியையே 2024-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். நிறுவனங்கள் தனி விழா எடுத்து, அழைப்பு உள்ளவரை மட்டும் கூப்பிட்டு, மற்றவர்களை யூடியூபில் பார்த்துக்கொள்ளச் சொல்கின்றன. செலவு மிச்சம் என்பது புரிகிறது. ஆனால் சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, டிக்கியைத் தூக்கிப் பார்க்கிற சுகம் எந்தத் திரையில் கிடைக்கும்? கண்காட்சிக்கு வந்தும் அது இல்லையென்றால் எதற்கு வர வேண்டும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலும் ஓரகடத்திலும் கார் செய்வது எங்கள் பிள்ளைகள். பக்கத்துத் தூத்துக்குடியில் 2025-இல் வியட்நாம் கார் நிறுவனமான வின்ஃபாஸ்டின் ஆலையும் திறந்தாயிற்று. செய்த காரைப் பார்க்க மட்டும் நாங்கள் டெல்லிக்கு ரயிலேற வேண்டுமா?

கோபத்தில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அடுத்த முறை, ஒவ்வொரு ஸ்டாலிலும் ஒரு காரையாவது பூட்டாமல் வையுங்கள். ஒன்றை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைக் காட்டுங்கள். கேட்டால் தமிழில் பதில் சொல்ல, அந்தக் காரைச் செய்த பொறியாளர் ஒருவரை நிறுத்துங்கள். மதுரையில் ஒரு கண்காட்சி வைத்தால் ராமநாதபுரமே திரண்டு வரும். மேடை விளக்கெல்லாம் வேண்டாம், கதவு திறந்திருந்தால் போதும்.

இப்படிக்கு,
மண்டபத்துக் கார்ப் பிரியன்