31 டாலருக்கு மேல் நீங்கள் கொடுத்தது

சாண்டா கிளாரா கவுண்டியில் குடியிருப்பவர்களுக்கும், கலிஃபோர்னியாவில் வரி செலுத்தும் அனைவருக்கும், பயிற்சி மாணவி என்று தெரிந்தும் என் முன் வாயைத் திறந்து படுத்தவர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் என் உரிமம் தபாலில் வந்தது. இனி நான் டென்டல் ஹைஜீனிஸ்ட். நம் ஊரில் பெரும்பாலும் பல் மருத்துவரே செய்துவிடும் வேலை இது: பல்லில் இறுகிப் படிந்திருக்கும் பற்காரையை எடுப்பது, ஈறுகளை அளப்பது, எக்ஸ்ரே எடுப்பது, வீட்டில் எப்படித் துலக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது. அமெரிக்காவில் இதைத் தனித் தொழிலாக்கியவர் கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர். 1906-இல் தம் உதவியாளர் ஐரீன் நியூமனுக்கு அவர் கற்றுக்கொடுத்ததுதான் தொடக்கம். கோவில்பட்டியில் வேதியியல் படித்துவிட்டு, திருமணமாகி இங்கே வந்து, ஏழு வருடம் வீட்டோடு இருந்த நான் அந்த வரிசையில் வந்து நிற்கிறேன் என்பதை இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை.

லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் உள்ள ஃபுட்ஹில் கல்லூரியில் படித்தேன். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் சமுதாயக் கல்லூரி அது. பாடங்களின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள்; ஒரு காலாண்டு யூனிட்டுக்குக் கட்டணம் 31 டாலர். இளநிலைப் பட்டத்தின் பிற்பகுதிப் பாடங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். இந்தப் படிப்பை நடத்த ஆகும் செலவில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது என்பது முதல் நாள் சிகிச்சைக் கூடத்துக்குள் நுழைந்தபோதே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு நாற்காலிக்கும் தண்ணீர்க் குழாய், உறிஞ்சுகுழல், விளக்கு. ஒவ்வொரு நோயாளிக்கும் நீராவியில் கிருமி நீக்கி உறையிட்ட கருவிகள். இவற்றையெல்லாம் விடப் பெரிய செலவு ஆசிரியர்கள். நோயாளியைத் தொட்டுச் செய்யும் வகுப்பில் ஐந்து மாணவருக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்பது அங்கீகாரக் குழுவின் விதி. ஐம்பது பேரை உட்கார வைத்துப் பாடம் சொல்லிச் சமாளிக்க முடியாது. மிச்சப் பணம் உங்களிடமிருந்துதான் வந்தது.

அந்த ஐந்துக்கு ஒன்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பிற்பகலைச் சொல்கிறேன். ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடங்களில், பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை அளக்க வேண்டும். 28 பல் இருந்தால் 168 எண்கள். நான் சொல்லச் சொல்லத் தோழி எழுதிக்கொண்டிருந்தாள்: மூன்று, இரண்டு, மூன்று. மூன்று மில்லிமீட்டர் வரை நல்ல ஈறு. கடைவாய்ப்பல்லின் பின்புறத்தில் நான்கு என்றேன். பின்னால் நின்ற ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் என் கையின் மேல் தம் கையை வைத்தார். கருவியை இம்மியளவு சாய்த்தார். அது உள்ளே இறங்கியது. ஆறு. அடியில் ஏதோ சொரசொரப்பு விரல் நுனியில் நெருடியது. அம்மா முறத்தில் அரிசி புடைத்துவிட்டு, கண்ணால் பார்க்காமலே விரலால் தடவிக் கல் பொறுக்குவாரே, அதே நெருடல். பற்காரையைக் கை அறிந்துகொண்டது அன்றுதான். அவருக்குப் பத்து மாணவர்கள் இருந்திருந்தால் அந்த நிமிடத்தில் வேறு எங்கோ நின்றிருப்பார்.

அன்று நாற்காலியில் படுத்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் வழக்கமான பல் சுத்தம் சேராது என்பதால் பல வருடங்களாக எங்குமே போகாதவர். தேர்ந்த கை ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு எனக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் வந்து பார்க்கும்வரை அவர் காத்திருந்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். வாய் திறந்திருந்ததால் பேச முடியாமல், என் முழங்கையை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார். ஐயா, இதை யாராவது உங்களுக்குப் படித்துச் சொன்னால், அந்த இரண்டு தட்டலில்தான் நான் அந்த வருடத்தைக் கடந்தேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் செய்தவர்களையும் மறக்கக் கூடாது. சமுதாயக் கல்லூரிகளில் சில துறைகளுக்கு இளநிலைப் பட்டம் தரலாம் என்ற மசோதாவைக் கொண்டுவந்தவர் செனட்டர் மார்ட்டி பிளாக். 2014-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதில் கையெழுத்திட்டார். 2021-இல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கியது. 2016-இல் தொழிற்கல்விக்கென்று ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கத் தொடங்கிய சட்டமன்றத்துக்கும், 2020 மார்ச்சில் எங்கள் கல்லூரியை நடத்தும் கல்லூரி மாவட்ட அமைப்பின் கட்டடங்களுக்கும் கருவிகளுக்குமான கடன்பத்திரத்துக்கு ஆம் என்று வாக்களித்தவர்களுக்கும் நன்றி. வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் அந்தக் கேள்வியைப் பலர் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். நீங்கள் நின்று படித்தீர்கள்.

கணவருக்கு வேலை போன ஆண்டில் படிப்பை நிறுத்திவிடலாம் என்று நிதியுதவி அலுவலகத்துக்குச் சொல்லப் போனேன். அங்கிருந்த பெண்மணி என்னை உட்கார வைத்து, கலிஃபோர்னியா பிராமிஸ் கிராண்ட் விண்ணப்பத்தை அங்கேயே நிரப்ப வைத்தார். பதிவுக் கட்டணம் விலக்கானது. எழுந்து வரும்போது அடுத்த காலாண்டுப் பாடங்களுக்குப் பெயர் கொடுத்திருந்தேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு என்ன எழுதுவது! காலை ஆறரைக்கு என் மகளைத் தூக்கத்தோடு தோளில் வாங்கிக்கொண்டு, இட்லி ஊட்டி, தலை பின்னிப் பள்ளியில் விட்டவர். தேசியத் தேர்வின் 350 கேள்விகளுக்கு நான் தயாரான வாரங்களில் இரவுச் சோறும் அவர் வீட்டில்தான். எக்ஸ்ரே பயிற்சிக்கு ஆள் கிடைக்காமல் தவித்தபோது மதுரையிலிருந்து வந்திருந்த தம் அம்மாவை அழைத்து வந்தார். காப்பீடு இல்லாத அந்தப் பாட்டிக்குப் பல்லைச் சுத்தம் செய்ததும் நான்தான். முடிந்ததும் நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாளைக்கே உன் கைக்கு மோதிரம் போடணும்டி" என்றார்.

இங்கே பெற்றோரை அழைத்து வந்திருப்பவர்கள் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியின் பல் சுகாதாரக் கூடத்துக்குப் போன் செய்து கேளுங்கள். கட்டணம் குறைவு, நேரம்தான் அதிகம் ஆகும். எனக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு இப்போது நோயாளிகள் தேவை.