கத்திரிக்கோல் விஷயம்

கும்பகோணம்,
மே 18

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, கையெல்லாம் மைதாப் பசை. சிரிக்காதே. எங்கள் தெருக்கோடி நூலகத்தின் கோடை முகாமில் நான்தான் கைவேலை டீச்சர். முப்பது வருடம் தபாலாபீஸில் முத்திரை குத்திய கைக்குக் காகிதம் மடிக்க வராதா என்ற நினைப்பில் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

முதல் நாள் காற்றாடி. இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் காகிதம், கத்திரிக்கோல், குண்டூசி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் செய்முறையை விளக்க ஆரம்பித்தேன். கையில் கத்திரிக்கோல் இருக்கும் பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்? நான் இரண்டாவது மடிப்புக்கு வருவதற்குள் ஒருவன் தன் சட்டைப் பொத்தானையே வெட்டிவிட்டான். அக்னி நட்சத்திர வெயில் வேறு. மின்விசிறியைப் போட்டால் காகிதம் பறக்கிறது, நிறுத்தினால் பிள்ளைகள் வாடுகிறார்கள். பசையும் காலை வாரியது. அம்மா பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவாளே, அது விஷம், பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பாத்திரத்தைத் திறந்தால் புளித்த நாற்றம். இப்போது அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுகிறேன்.

முகாமை நடத்துகிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இரண்டு நாள் பேசாமல் பார்த்தாள். மூன்றாம் நாள், "அம்மா, கொஞ்சம் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்களேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. கோணலாக மடித்த ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் வாங்கி நானே மடித்துக் கொடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு காற்றாடியும் ஒரே அச்சு, எல்லாம் என் காற்றாடி! இப்போது ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். பாதி நேரம் அது முறுக்குப் பிழிந்த மாதிரி ஆகிவிடுகிறது.

உனக்கு எழுத உட்கார்ந்ததே வேறொன்றுக்காக. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. அவள் வெட்டிய காகிதம் எலி கடித்ததுபோல் இருந்தது. "கவனமாக வெட்டக் கூடாதா?" என்று கேட்க வாயெடுத்தவள், அவள் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். இடது கை. எட்டாம் வகுப்புத் தையல் வகுப்பு அப்படியே கண்முன் வந்தது. நீ வெட்டிய பாவாடைத் துணியும், உன் விரல் முட்டியில் விழுந்த ஸ்கேல் அடியும்.

அந்தப் பெண்ணின் கத்திரிக்கோலை என் இடது கையில் மாட்டி வெட்டிப் பார்த்தேன். கோமதி, தப்பு உன் கையில் இல்லை. வலது கையால் வெட்டும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் கொடுக்கிற அழுத்தம் இரண்டு அலகுகளையும் நெருக்கிச் சேர்க்கிறது. அதே கத்திரிக்கோல் இடது கைக்குப் போனால் அந்த அழுத்தமே அலகுகளைப் பிரித்துவிடுகிறது. நடுவில் துணி நழுவி மடங்குகிறது. மேல் அலகு கோட்டையும் மறைத்துக்கொள்கிறது. திருப்பிப் பிடித்தாலும் அதே கதைதான். நாற்பது வருடமாக நானும் உன்னை அவசரக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

நேற்று வண்ணக் காகிதம் தீர்ந்துவிட்டது. எல்லோரையும் நூலக வாசல் பூவரச மரத்தடிக்கு அழைத்துப் போனேன். இலையைச் சுருட்டி நுனியைச் சற்றே நசுக்கி ஊத, பொத்தானை வெட்டினானே, அவன்தான் சொல்லிக்கொடுத்தான். எனக்கு வெறும் காற்றுதான் வந்தது. "ரொம்ப நசுக்காதீங்க பாட்டி" என்று அதட்டினான். நசுக்கிய இடத்தில் இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று அதிர வேண்டும். நாயனத்துச் சீவாளியும் அப்படித்தான் ஒலிக்கிறது என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் மாப்பிள்ளை அழைப்பே கிளம்பிவிட்டது, நூலகர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

இடது கைக்கென்றே செய்த கத்திரிக்கோல் கடையில் கிடைக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வாங்கும்போது உனக்கும் ஒன்று வாங்கினேன், தனிப் பார்சலில் வருகிறது. பழைய புடவை எதையாவது நேர்கோட்டில் வெட்டிப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சரசு