பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நன்றியுடன்

எங்களுக்கு என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். டித்வா புயல் 2025 நவம்பர் கடைசியில் மலைநாட்டை என்ன பாடு படுத்தியது என்பதை டிவியிலும் போனிலும் பார்த்துச் சலித்திருப்பீர்கள். எங்கள் தோட்டத்திலும் மண் சரிந்தது. எச்சரிக்கை தமிழில் எப்போது வந்தது, 2014-ல் மீரியபெத்தை மண்சரிவில் அத்தனை பட்ட பிறகும் ஆபத்தான சரிவுகளில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் ஏன் இன்னும் நின்றன, இதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான், கேட்கத்தான் போகிறோம். ஆனால் இன்றைக்கு வேண்டாம். பொங்கலுக்கு முன்னால் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன், பிழை கிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மொத்தமாக. பாதையெல்லாம் மண் மூடிக் கிடந்தபோது சோற்றுப் பார்சலைத் தோளில் சுமந்து ஏறி வந்த கீழ்க் கிராமத்துச் சிங்கள அண்ணன்மார், கேட்காமலே விகாரை மண்டபத்தைத் திறந்துவிட்ட ஹாமுதுரு (பிக்கு), ராத்திரி பகல் பாராமல் மண் அள்ளும் பெக்கோ ஓட்டிய தம்பி, மாமாவின் காலைப் பார்த்த மகியங்கனை இந்திய இராணுவ கள மருத்துவமனை டொக்டர்மார், தன் வீட்டுக் கூரையும் போன நிலையில் கர்ப்பிணிகளைத் தேடித் தேடி வந்த மிட்வைஃப் மிஸ், சம்பளத்தோடு லீவு தந்து மேலே பஸ் செலவும் கையில் வைத்த கொழும்பு முதலாளி, பள்ளிக்கூடத்தை வீடு மாதிரி விட்டுக்கொடுத்த அதிபர், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய, இன்றுவரை முகம் பார்க்காத உறவுகள். ஒவ்வொருவருக்கும் ஒரு மடல் எழுதலாம். எழுதினால் பொங்கல் முடிந்துவிடும்.

இனி உளவளத்துணை (கவுன்சலிங்) மிஸ்ஸைப் பற்றி. பெயரைப் போடக் கூடாது, பிரதேச செயலகத்தின் பெயரும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மிஸ் என்றே எழுதுகிறேன். எங்கள் பக்கம் ஊசி போடுகிறவர், பாடம் எடுக்கிறவர், கணக்கெடுக்கிறவர் எல்லோருமே மிஸ்தான்.

இவர் வருவதற்கு முன்னால் வேறொரு குழு வந்து போயிருந்தது. யாரென்பது முக்கியமில்லை. நல்ல மனதோடுதான் வந்தார்கள், பிள்ளைகளுக்கு பிஸ்கட், கலர் பென்சில் எல்லாம் கொடுத்தார்கள். ஆனால் கையிலிருந்த படிவம் சிங்களத்தில் இருந்தது. வந்தவர்களில் யாருக்கும் தமிழ் வராது. தரம் ஒன்பது படிக்கிற பையன் ஒருவனைப் பிடித்து மொழிபெயர்க்க நிறுத்திவிட்டார்கள். "ராத்திரி தூக்கம் வருதா, செத்துப்போகணும்னு தோணுதா" என்று அவன் தன் சொந்தப் பெரியம்மாவிடம், சுற்றி நாலு குடும்பம் உட்கார்ந்திருக்க, கேட்க வேண்டியதாகிவிட்டது. பெரியம்மா என்ன சொல்வார்? "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். படிவத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுங்கள் என்றார்கள். வெளியே தகரத்தில் மழை கொட்டுகிறது. அந்தச் சத்தத்தில் எங்கள் ஆட்களைக் கண்ணை மூடச் சொன்னால் எப்படி மூடுவார்கள்? இரண்டு பேர் எழுந்து வெளியே ஓடினார்கள், ஒரு குழந்தை வீறிட்டது, அத்தோடு சரி.

அப்பாயி, அப்பாவைப் பெத்தவ, அந்தக் கூட்டத்திலேயே இல்லை. வகுப்பறைப் பின்மூலையில், அடுக்கி வைத்த மேசை கதிரைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மண்ணுக்குள்ளிருந்து இழுத்து வந்ததிலிருந்து பேச்சில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிக்கும். சோற்றைப் பிசைந்து வைத்தால் வைத்தபடியே இருக்கும். சித்தப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள், இன்றைக்குவரை கிடைக்கவில்லை. ஆயுசுக்கும் சேலையைத் தவிர வேறெதுவும் உடுத்தாத மனுசிக்கு நிவாரண மூட்டையிலிருந்து ஒரு பச்சை நைட்டி, இடுப்பில் சுருக்குப் பை சொருகக்கூட வழியில்லை. பையும்தான் போய்விட்டதே.

மிஸ் வந்த அன்று ஃபைலையே திறக்கவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, எங்கள் பாயில் உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தார். யார் யாருக்குக் கம்பளி இல்லை, யாருடைய பிரஷர் குளிசை மண்ணோடு போனது என்பது மாதிரி விஷயங்களைத்தான் பேசினார். கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மம்மா வெத்திலை போடுறவவா?" என்றார். பல்லைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். ஆமாம் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை.

அடுத்த தடவை ஒரு பத்திரிகைத் தாள் பொட்டலத்தோடு வந்தார். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, துணுக்குப் புகையிலை. (புகையிலை கெடுதி என்று எனக்கும் தெரியும், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) அப்பாயிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். "இந்தாங்க" என்று நீட்டுவார் என்றுதான் நினைத்தேன். நீட்டவில்லை. "அம்மம்மா, எனக்கு மடிக்கத் தெரியாது, ஒரு வாய் மடிச்சுத் தாங்களேன்" என்றார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அப்பாயியின் கை மட்டும் நகர்ந்தது. முகம் இன்னும் சுவரைப் பார்த்தபடிதான். ஒரு வெற்றிலையை எடுத்து மடியில் துடைத்தது, காம்பைக் கிள்ளியது, நுனியைக் கிள்ளியது, கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறிய நகத்தால் பின்பக்க நரம்பை உரித்தது. சுண்ணாம்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தது. பார்த்துவிட்டுத் திரும்பி, "இந்தச் சுண்ணாம்ப எவன் உனக்கு வித்தான்? காரமே இல்ல" என்றது.

வகுப்பறையில் எல்லோரும் திரும்பினோம். மிஸ் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி, "சந்தையில வாங்கினன், ஏமாத்திப்போட்டான் போல" என்று வாயைத் திறந்தார். அப்பாயி மடித்த வெற்றிலையை வாய்க்குள்ளேயே வைத்துவிட்டது. பழக்கமில்லாத வாய், இரண்டு மெல்லுக்குள் பாக்கு சொக்கிவிட்டது. முகமெல்லாம் வேர்த்து, தலையைப் பிடித்துக்கொண்டு மிஸ் சுவரில் சாய்ந்துவிட்டார். அப்பாயிக்கு எங்கிருந்து பலம் வந்ததோ தெரியவில்லை, "துப்பு, துப்புடி பிள்ள" என்று முதுகைத் தட்டியது, என்னைப் பார்த்து "மரமாட்டம் நிக்கிறியே, தண்ணி எடுத்தா" என்று கத்தியது, நைட்டி ஓரத்தால் மிஸ்ஸின் நெற்றியைத் துடைத்தது. அன்று சாயந்தரம் தட்டில் வைத்த சோற்றில் பாதியைச் சாப்பிட்டது. அழுதது அதற்கும் பிறகு, விளக்கை அணைத்த பின்னால், பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

கவனித்துப் பாருங்கள், முகாமுக்கு வந்த எல்லோரும் எங்களுக்கு எதையாவது கொடுத்தார்கள். காலையிலிருந்து இரவு வரை கை நீட்டி வாங்கிக்கொண்டே இருந்தோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, அதில்லாமல் பிழைத்திருக்க முடியாது. ஆனால் அறுபது வருசமாகக் கொழுந்து பறித்து, பிள்ளை வளர்த்து, வீட்டுக்கு வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்பாத ஒரு மனுசியிடம், உன்னிடம் எனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டது இந்தப் பிள்ளை ஒன்றுதான்.

பிறகொரு நாள் மிஸ்ஸிடம் கேட்டேன், இதெல்லாம் படிப்பில் சொல்லிக்கொடுப்பதா என்று. சிரித்தார். அவர் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். 2004 சுனாமியில் சின்னப் பிள்ளை, முகாமில் இருந்திருக்கிறார். குழு குழுவாக வந்து கடலை வரை, கடலை வரை என்பார்களாம். வரைந்தால் பென்சில் பெட்டி கிடைக்கும் என்பதால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு அலையை வரைந்து கொடுத்தாராம். "நான் இங்க யாரிட்டயும் மண் சரிஞ்ச இரவைப் பத்திக் கேக்க மாட்டன், அவங்களாச் சொன்னா எவ்வளவு நேரமெண்டாலும் இருந்து கேப்பன்" என்றார். நான் தேடிப் படித்ததில், சுனாமிக்குப் பிறகு 2007-ல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் நெருக்கக் கூடாது, முதலில் சோறு, கூரை, பாதுகாப்பு, சொந்தங்களைச் சேர்த்துவைத்தல், அந்தந்த மக்களின் துக்கச் சடங்குகளுக்கு இடம் கொடுத்தல். எழுதி வைத்துப் பத்தொன்பதாவது வருசம் நடக்கிறது, படிவத்தோடு வந்தவர்களுக்கு யாராவது காட்டியிருக்கலாம்.

சடங்கு என்றதும் இன்னொன்று. முகாமில் ஒப்பாரி வைக்க முடியவில்லை. பக்கத்து வகுப்பறையில் காய்ச்சல் பிள்ளைகள், பொம்பளைகள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். மிஸ் அதிபரிடம் பேசி ஒரு சாயந்தரம் மைதானத்தை வாங்கிக் கொடுத்தார். போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்க வந்தவர்களை கேட்டிலேயே நிறுத்த எங்கள் பையன்களை வைத்தார். மாரை அடித்துக்கொண்டு, கூட்டமாகக் கட்டிப்பிடித்து, கிடைத்தவர்கள் கிடைக்காதவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழுது தீர்த்தார்கள். மிஸ்ஸும் அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார். அன்றிரவு முகாமில் நிறையப் பேர் தூங்கினார்கள்.

அப்பாயி அதில் சித்தப்பா பெயரைச் சொல்லவில்லை. கருமாதிக்கும் சம்மதிக்கவில்லை. கிராம சேவகர் பேப்பரோடு வந்தபோது கைநாட்டு வைக்க மறுத்துவிட்டது, "என் மவன் செத்தான்னு நீ பாத்தியா?" என்று கேட்டுவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் புத்தி சொல்லப் போனார்கள். மிஸ்தான் தடுத்தார். பேப்பர் எங்கேயும் ஓடிவிடாது, அவ சொல்லும்போது பார்ப்போம் என்று கிராம சேவகரிடமும் பக்குவமாகப் பேசி அனுப்பினார். போன கிழமை அப்பாயியே வாயைத் திறந்து, "மாசியில காமன் ஊனட்டும், அதுக்கப்புறம் யோசிப்பம்" என்றது. சித்தப்பா காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கிறவர். சிவன் எரித்த காமனுக்காக ரதி புலம்பும்போது எங்கள் தோட்டமே சேர்ந்து அழும், பிறகு காமன் எழும்புவான். அப்பாயி மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை.

லய வீடுகளுக்குத் திரும்ப முடியாது, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் பார்த்துவிட்டு ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பழைய ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்), தேயிலை வாசத்துக்குள் தட்டி கட்டி இருக்கிறோம். எங்கே இருந்தாலும் சரி, இந்த மாசியில் காமன் கூத்து நடக்கும். வழக்கமாகக் காமன் ஊன்றும் பொட்டல் மண்ணுக்குள் போய்விட்டது, ஸ்டோர் வாசலில் ஊன்றுவோம். தப்புக்குத் தோல் வாங்கக் காசு சேர்த்தாயிற்று. சித்தப்பா இடத்தில் அடிக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள், எனக்கு அவ்வளவு வராது, ஆனால் பழகுகிறேன்.

அப்புறம், சிங்களம் பேசுகிற மனநலக் குழுக்கள் எங்கள் பக்கம் வந்தால் மொழிபெயர்க்க நான் வருகிறேன், கூட இன்னும் சில நண்பர்கள் இருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். ராத்திரியில் தாங்க முடியாமல் போகிறவர்கள் 1926-க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், பெரியம்மா இரண்டு தடவை எடுத்துவிட்டார், இதை எழுத அவரே சம்மதித்தார்.

மிஸ், நீங்கள் மாசியில் கட்டாயம் வர வேண்டும். அப்பாயி உங்களுக்குச் சொல்லச் சொன்னது: வெற்றிலை மட்டும் கொண்டுவந்தால் போதுமாம், சுண்ணாம்பு பக்கமே போக வேண்டாமாம்.