‘பேக்’ என்றால் எந்தப் பேக்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழில் செவ்வாய்தோறும் வெளியாகும் தொடக்கநிலை ஆங்கிலப் பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டி, மாலை வகுப்புக்கு வருகிறவர்களுக்குப் பாடமாக நடத்துகிறவள் நான். குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறைகளுக்கு நடுவே என் வீடு. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். ஜவுளிக்கடையில் பில் போடும் பெண்கள் இருவரும் வேலை முடிந்து வந்து பின்னால் உட்காருகிறார்கள். பகுதி பயனுள்ளதுதான். உச்சரிப்பு விஷயத்தில்தான் எனக்கும் உங்களுக்கும் வழக்கு.

ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே அதன் ஒலியைத் தமிழில் அச்சிடுகிறீர்கள். பைக்கு ‘பேக்’ என்று போட்டீர்கள். முதுகுக்கும் ‘பேக்’தான். மூட்டை கட்டுவதும் ‘பேக்’. அடுமனையில் ரொட்டி சுடுவதும் ‘பேக்’. ஆங்கிலத்தில் இவை நான்கும் நான்கு ஒலிகள். ‘வெஸ்ட்’ கதையும் இதுதான்: ஒன்று மேற்குத் திசை, மற்றொன்று பனியன். உங்கள் பகுதியை மட்டும் நம்பிப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. பிழை பிள்ளையுடையது அல்ல.

தமிழ் எழுத்தால் ஆங்கில ஒலியைக் காட்ட முடியாது, ஆகவே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ‘பாம்பு’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் பகரமும் இரண்டாம் பகரமும் ஒன்றா? முதலாவதில் தொண்டை சும்மா இருக்கிறது, இரண்டாவதில் அதிர்கிறது. ‘தங்கம்’, ‘பஞ்சு’, ‘வண்டி’ எல்லாவற்றிலும் மெல்லினத்தை அடுத்த வல்லினம் அதிர்ந்துதான் ஒலிக்கிறது. அந்த ஒலிகள் நம் பிள்ளைகளின் வாயில் பிறந்ததிலிருந்தே இருக்கின்றன. தமிழில் அவை சொல்லின் நடுவில் வரும். ஆங்கிலத்தில் முதலிலும் கடைசியிலும் வரும். அங்கே கொண்டுபோய் வைக்கப் பழக்குவதுதான் நம் வேலை. என் வகுப்பில் எல்லோரும் கழுத்தில் கையை வைத்துக்கொண்டுதான் உச்சரிப்பார்கள். தெரு முழுக்கத் தறி அதிர்ந்துகொண்டிருக்க, அதிர்வு என்றால் என்ன என்று நான் தனியாக விளக்கவேண்டியதே இல்லை.

இன்னொன்றும் செய்கிறோம். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பேனாவுக்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லவேண்டும். நம் தமிழ்ப் பகரத்தில் சொன்னால் தாள் அசையாது. ஆங்கிலேயர் சொல்வதுபோல் மூச்சைத் தள்ளிச் சொன்னால் தாள் படபடவென்று அடிக்கும். அந்த மூச்சு இல்லாவிட்டால் அவர்கள் காதில் அது அதிரும் பகரமாகவே விழக்கூடும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தாளை அசைத்துக் காட்டுவதற்காக வாயால் ஊதியே ஏமாற்றப் பார்த்தான். பின்வரிசைப் பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

‘வெஸ்ட்’ தகராறை நன்னூலே பாதி தீர்த்துவைக்கிறது. மேற்பல் இதழைத் தொட்டால் வகரம் பிறக்கும் என்கிறார் பவணந்தி முனிவர். பனியனுக்கு அந்த வகரத்தைச் சொல்லுங்கள். மேற்குக்குப் பல் உதட்டைத் தொடவே கூடாது; ஊகாரத்துக்குக் குவிப்பதுபோல் உதட்டைக் குவித்துத் திறக்கவேண்டும். இதை எழுத உங்களுக்கு இரண்டு வரி போதும்.

‘புக்கு’, ‘கப்பு’, ‘இஸ்கூல்’ என்று சொல்லும் பிள்ளைகளைக் கேலி செய்யும் துணுக்கு ஒன்று அண்மையில் அதே பகுதியில் வந்தது. வருத்தமாக இருந்தது. உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1, ஆக 24 எழுத்துகளே சொல்லின் ஈற்றில் வரும் என்பது தமிழ் இலக்கணம். வல்லின மெய் அதில் இல்லை. சொல்லின் முதலில் மெய் தனித்து நிற்பதும் இல்லை. ஆகவே பின்னால் ஓர் உகரத்தையும் முன்னால் ஓர் இகரத்தையும் பிள்ளையின் நாக்கு தானாகச் சேர்த்துக்கொள்கிறது. காரணத்தைச் சொன்னால் திருத்திக்கொள்வார்கள். கேலி செய்தால் வாயையே திறக்கமாட்டார்கள்.

இறந்தகாலத்து ‘ஈ.டி.’யைப் பற்றியும் சொல்லவேண்டும். சமைத்ததைக் ‘குக்கெட்’ என்றும் கழுவியதை ‘வாஷெட்’ என்றும் படிக்காத பிள்ளையே கிடையாது. முன்னால் அதிராத ஒலி நின்றால் அதிராத டகரம், அதிரும் ஒலி நின்றால் அதிரும் டகரம், டகர ஒலியே முன்னால் நின்றால் மட்டும் ‘இட்’. எனவே ‘வான்ட்’ போன்ற சொல்தான் ‘வான்டிட்’ என்று ஆகும். ‘குக்’, ‘குக்ட்’ என்று முடிந்துவிடும். பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆவதைப் படித்த பிள்ளைக்கு இது புதிதா என்ன? அங்கும் இங்கும் புணர்ச்சிதான். பன்மை ‘எஸ்’ஸும் இதே வழியில்தான் நடக்கும்.

இலக்கணத்தில் அதிகம் குறையில்லை. ஆனால் ‘ஐ ஆம் நோயிங்’ தவறு என்று சொல்ல முக்கால் பத்தி விதி எழுதியிருந்தீர்கள். ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று தமிழில் யாராவது சொல்வார்களா என்று கேட்டிருந்தால் பிள்ளைகள் சிரித்துவிட்டுத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

‘இன்றைய சொல்’ பகுதிக்கு வழக்கறிஞர்களே அகராதி புரட்டும் சொற்களை எங்கிருந்து தேடிப் பிடிக்கிறீர்களோ, தெரியவில்லை. எங்கள் பெண்களுக்கு வேண்டியது வங்கிப் படிவத்தில் இருக்கும் சொற்கள். ரசீதுக்கான ஆங்கிலச் சொல்லில் (receipt) ‘p’ எழுத்து இருந்தும் ஒலிக்காது, கடனுக்கான சொல்லில் (debt) ‘b’ ஒலிக்காது என்பதை ஒரு வாரம் போடுங்களேன்.

அச்சில் எப்படிக் காட்டுவது என்று கேட்பீர்கள். வழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் அச்சாகும் சமஸ்கிருத சுலோகப் புத்தகங்களில் க, ச, ட, த, ப எழுத்துகளின் மேல் 2, 3, 4 என்று சிறிய எண் போடுகிறார்கள். அதிரும் ஒலிக்கு 3. நீங்களும் பைக்கு ‘பே³க்³’, முதுகுக்கு ‘பே³க்’, மூட்டை கட்டுவதற்கு ‘பேக்’ என்று போடலாம். எண் போடுவது அச்சுக்கோப்பவருக்குச் சிரமம் என்றால் அதிரும் எழுத்தைத் தடித்த எழுத்தாக்கினாலும் போதும். எதைச் செய்தாலும் பகுதியின் தலைப்பில் ஒரு வரி விளக்கத்தை ஒவ்வொரு வாரமும் தவறாமல் போடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் முதல் வாரத்திலிருந்தே படிப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்.