அந்த ஹோல்டரை உடைக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 1881இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அச்சான மார்கன் டாலர் என்ற வெள்ளி நாணயம் ஒன்றை வாங்கியிருக்கிறாய் என்பதில் மகிழ்ச்சி. ஆனால் அது நாணயங்களுக்குத் தரம் போடும் பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தின் முதல் வகை ஹோல்டரில், அதாவது தரச் சீட்டோடு முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில், இருக்கிறது என்றும், அதை உடைத்து நாணயத்தை மறுபடி தரம் பார்க்க அனுப்பினால் 70க்கு 64 என்ற தரம் 65 ஆகலாம் என்று கடைக்காரர் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. அவசரப்பட்டு இடுக்கியைக் கையில் எடுத்துவிடாதே. முதலில் இதைப் படி.

உன்னிடம் இருக்கும் டாலர் அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு அந்த நாணயச்சாலை அதை 1 கோடியே 27 லட்சத்துக்கும் மேல் அச்சடித்தது. அவற்றில் பெரும்பகுதி புழக்கத்துக்கே வராமல் மூட்டை மூட்டையாகப் பெட்டகங்களில் கிடந்து வெளியே வந்தது. அதே தரத்தில் இன்னொன்று வேண்டுமென்றால் இந்த வாரமே வாங்கிவிடலாம். அந்த ஹோல்டரை அப்படி வாங்க முடியாது. பி.சி.ஜி.எஸ். 1986 பிப்ரவரியில் தொழில் தொடங்கியதிலிருந்து 1989 வரைக்கும்தான் அந்த அமைப்பில் ஹோல்டர் செய்தது. அதன் பிறகு வேறு அமைப்புக்கு மாறிவிட்டது.

அதை எடுத்துக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார். உள்ளே நாணயம் இறுக்கமாகப் பொருந்தாமல் லேசாகத் தட்டும் சத்தம் கேட்கும். சேகரிப்பவர்கள் அதை 'ராட்லர்' என்று அழைப்பது இதனால்தான். விளிம்பைத் தடவிப் பார். வழவழவென்று தட்டையாக இருக்கும், மேடு இருக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சரிந்து விழும். இந்தக் குறையைப் பார்த்துத்தான் அடுத்த வகையில் சுற்றிலும் ஒரு மேட்டு விளிம்பு வைத்தார்கள். 1990களின் பெரும்பகுதியில் வந்த இளம்பச்சைச் சீட்டு ஹோல்டர்களில் அந்த விளிம்பைப் பார்க்கலாம். ஒரு தொழில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட விதம் அந்தப் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கிறது. எனக்கு நாணயத்தைவிட ஹோல்டர் மேல் ஆசை வந்ததற்கு இதுதான் காரணம்.

இந்த ஹோல்டர்கள் ஏன் வந்தன என்று யோசித்திருக்கிறாயா? வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்காவின் பழைய பெரிய செம்புக் காசுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலைத்தான் பிறகு எல்லா நாணயங்களுக்கும் நீட்டினார்கள். விற்கும்போது 65 என்று சொல்லும் வியாபாரி, அதே நாணயத்தைத் திரும்ப வாங்கும்போது 63 என்பார். ஓரிரு புள்ளி வித்தியாசத்தில் விலை எங்கேயோ போய்விடும். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் ஏ.என்.ஏ.சி.எஸ். என்ற பிரிவு 1972இல் அசலா போலியா என்று பார்த்துச் சொல்லத் தொடங்கியது, 1979இலிருந்து படம் ஒட்டிய சான்றிதழில் தரத்தையும் எழுதிக் கொடுத்தது. ஆனால் காகிதம் ஓரிடத்தில், காசு ஓரிடத்தில் போய்விட்டால் யார் என்ன செய்ய முடியும்? நாணயத்தையும் சீட்டையும் ஒன்றாக உள்ளே வைத்து மூடி முத்திரையிடும் ஹோல்டர் அந்தச் சண்டைக்குக் கிடைத்த விடை. உன் கையில் இருப்பது அந்த விடையின் முதல் வடிவங்களில் ஒன்று.

நீ இருக்கும் நியூஜெர்சியிலேயே, பார்சிப்பனியில், 1987இல் தொடங்கியது என்.ஜி.சி. என்ற இன்னொரு தரம் போடும் நிறுவனம். அவர்களுடைய முதல் ஹோல்டரில் நாணயத்தைப் பிடித்திருக்கும் உட்பகுதி கறுப்பு. சில வாரங்களிலேயே அதைக் கைவிட்டு வெள்ளைக்கு மாறிவிட்டார்கள். இன்று அந்தக் கறுப்பு ஹோல்டர் ஒன்று ஏலத்துக்கு வந்தால், உள்ளே இருப்பது சாதாரண மார்கன் டாலராக இருந்தாலும் ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளி மின்னுவதைப் பார்த்தால், ஏன் கைவிட்டார்கள் என்றே தோன்றும்.

கம்ப்யூகிரேட் என்றொரு நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் கணினியை வைத்து, புள்ளியைப் பத்தாகப் பிரித்துத் தசமத்தில் தரம் போட்டது. நிறுவனம் நிலைக்கவில்லை, அதன் ஹோல்டர்களை மட்டும் தேடி வாங்குகிறார்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தவை மாதிரி ஹோல்டர்கள். நிறுவனங்கள் தங்கள் ஹோல்டரை அறிமுகப்படுத்த, ஒரு சென்ட்டோ பத்து சென்ட்டோ உள்ளே வைத்து, தரம் எழுத வேண்டிய இடத்தில் 'மாதிரி' என்று அச்சிட்டு, கண்காட்சிகளில் சும்மா கொடுத்தார்கள். வாங்கியவர்கள் பலர் வீசிவிட்டார்கள். உள்ளே இருக்கும் காசு கடையில் செலவழிக்கக்கூடிய காசுதான், அதனால் அங்கே பார்ப்பதற்கு ஹோல்டர் மட்டும்தான் இருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஹோல்டர்கள் அரிதாகிப்போனதற்குக் காரணமே நீ செய்ய நினைக்கும் காரியம்தான். அந்தக் காலத்தில் தரம் போடுவதில் கை இறுக்கம், பிறகு தளர்ந்துவிட்டது என்பது வியாபாரிகள் பலரின் எண்ணம். அதனால் பழைய ஹோல்டரைக் கண்டாலே உடைத்து மறுபடி அனுப்புகிறார்கள். இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. உடைத்தவர் பழைய சீட்டைத் திருப்பி அனுப்பாவிட்டால், எந்தத் தரத்தில் எத்தனை நாணயம் பார்த்தோம் என்று நிறுவனம் வெளியிடும் பட்டியலில் ஒரே நாணயம் இரண்டாகவும் மூன்றாகவும் நிற்கும்.

கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அச்சான டாலர்களின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்கக் கருவூலத்தில் தங்கிப்போன சுமார் 29 லட்சம் டாலர்களை 1972இலிருந்து 1980 வரை அரசின் ஜி.எஸ்.ஏ. துறை விற்றது. பெரும்பாலானவற்றைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கொடுத்தது. ஆல்பத்தில் செருகவும், தரம் பார்க்க அனுப்பவும் எத்தனையோ பேர் அந்தப் பெட்டியை உடைத்தார்கள். இன்று பெட்டியோடு இருக்கும் டாலருக்குத்தான் மதிப்பு அதிகம். பெட்டியைத் திறக்காமலே தரம் பார்த்து, அதைச் சுற்றி முத்திரைப் பட்டை போட்டுக் கொடுக்கிறது என்.ஜி.சி. உடைத்தவர்களால் அந்தப் பெட்டியை மீண்டும் செய்ய முடியவில்லை.

நாணயம் 64க்கு மேல் என்று நீ உண்மையாகவே நம்பினால், உடைக்காமல் அதை நிலைநாட்ட வழி இருக்கிறது. என்.ஜி.சி.யைத் தொடங்கிய ஜான் அல்பனீஸ்தான் 2007இல் சி.ஏ.சி. என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். ஹோல்டருக்குள் இருக்கும்போதே நாணயத்தைப் பார்த்து, போட்ட தரத்துக்குக் குறையாமல் உறுதியாக இருந்தால் ஹோல்டர் மேல் பச்சை ஸ்டிக்கர், அடுத்த தரத்துக்கே தகுதி இருந்தால் தங்க நிற ஸ்டிக்கர் போடுவார்கள். ராட்லரின் மேல் தங்க ஸ்டிக்கர் விழுந்தால், உடைத்து வாங்கிய 65ஐவிட அதற்குப் போட்டி அதிகம். விழவில்லையென்றால், உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். உன் 1881 நாணயத்துக்கு 64க்கும் 65க்கும் உள்ள விலை வித்தியாசத்தில் கட்டணத்தையும் தபால் காப்பீட்டையும் கழித்தால் மிஞ்சுவது சொற்பம்தான்.

வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தால், ஹோல்டர் அளவுக்குக் கிடைக்கும் மெல்லிய உறையில் போட்டு வை. வெயில் படும் இடத்தில் வைத்தால் சீட்டு வெளுத்துவிடும். விலைச்சீட்டு எதையும் அதன்மேல் ஒட்டாதே. விற்பதென்றே முடிவு செய்தாலும் முழுசாக விற்றுவிடு, முதலில் என்னிடம் விலை கேள். இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு, சீட்டிலுள்ள எண் தெளிவாகத் தெரியட்டும். பின்பக்க மூலையில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்து எழுது.

அன்புடன்,
அக்கா