பழைய பெயின்ட் தூசியும் பிள்ளைகளின் உடம்பும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பழைய கட்டடத்தின் ஜன்னல்களைச் சுரண்டிப் புது பெயின்ட் அடிக்கும் வேலையைப் போன வாரம் தொடங்கினோம். முதல் நாளே நான் அதை நிறுத்திவிட்டேன். அந்தக் கட்டடத்தையும் பூட்டியிருக்கிறோம். "வெறும் தூசிக்கு இவ்வளவு கெடுபிடியா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பல வருடம் வேதியியல் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

அந்தக் காலத்துப் பெயின்ட்டில் நிறத்துக்காகவும் சீக்கிரம் உலர்வதற்காகவும் ஈயம் சேர்ப்பார்கள். காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டினால் அது நுண்ணிய தூசியாகித் தரையில் படியும். அங்கிருந்து பிள்ளைகளின் விரலுக்கும், விரலிலிருந்து வாய்க்கும் போகும். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இரத்தத்தில் சேரும். சின்னக் குழந்தைகளுக்குப் பாதிவரை சேர்ந்துவிடலாம்.

சரி, உள்ளே போய் அது என்ன செய்கிறது? ஆள்மாறாட்டம் செய்கிறது. கால்சியம், துத்தநாகம் இரண்டும் உடம்பில் இரட்டை நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகளாக இருக்கின்றன. ஈயமும் அப்படியே. கால்சியத்துக்கும் துத்தநாகத்துக்கும் என்றே நம் புரதங்களில் இடங்கள் இருக்கின்றன. அங்கே ஈயம் வந்து உட்கார்ந்தால் வேறுபாடு காண உடம்புக்குத் தெரியாது.

இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு அதைப் படிப்படியாகத் தயாரிக்கிறது. இரண்டாம் படியை நடத்தும் நொதியின் நடுவில் ஒரு துத்தநாக அயனி இருக்கும். மூன்று கந்தக அணுக்கள் அதைப் பிடித்திருக்கும். ஈயத்துக்குக் கந்தகத்தின் மேல் பற்று அதிகம். துத்தநாகத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் ஒட்டிக்கொள்கிறது, நொதி வேலை செய்யாமல் போகிறது. ஹீமுக்குள் இரும்பைப் பொருத்தும் கடைசிப் படியும் தடைபடுகிறது. இரத்தசோகை வருவது இதனால்தான். பயன்படாமல் தேங்கும் மூலப்பொருளோ நரம்புகளுக்கே கேடாகிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது மூளை. ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்ப, சரியான நொடியில் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். ஈயம் அந்த வழியை அடைக்கிறது. வேண்டாத நேரத்தில் தானே கால்சியம்போல நடித்துச் செய்தியைக் கிளப்பியும் விடுகிறது. கற்கும்போது எந்த இணைப்பு பலப்பட வேண்டும், எது விலக வேண்டும் என்பதை இந்தச் செய்திகளை வைத்தே வளரும் மூளை முடிவு செய்கிறது. பாடத்தில் கவனம் நிற்காத பிள்ளையை அக்கறை இல்லாதவன் என்று நானும் கடிந்திருக்கிறேன். அந்த வார்த்தையைச் சொல்ல இப்போது மனம் வரவில்லை.

இரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். ஆனால் கால்சியம் என்று நம்பி எலும்பு வாங்கி வைத்த ஈயம் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது தாயிடமிருந்து கருவுக்கும் போகும். 'இந்த அளவுவரை பரவாயில்லை' என்று சொல்ல ஈயத்துக்கு ஒரு வரம்பே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் ஆய்வகத்திலிருந்து பாதரச வெப்பமானிகளை எடுத்துவிட்டதும் இதையொட்டித்தான். பாதரசத்தின் ஒரு வடிவமான மீத்தைல் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்தால், மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் சாயல் வந்துவிடும். அந்தச் சாயலை நம்பி மூளையின் காவல் அதை உள்ளே விடுகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவுநீரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் போன பாதரசத்தின் விளைவு 1956இல் வெளியே தெரிந்தது. பெரிதாக அறிகுறி இல்லாத தாய்மாருக்கும் பாதிப்புள்ள குழந்தைகள் பிறந்தன. ஆர்சனிக்கின் ஒரு வடிவம் பாஸ்பேட்டின் இடத்தைப் பிடித்து, செல்லின் ஆற்றல் தயாரிப்பையே கெடுக்கிறது.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. மெட்டலோதயோனின் என்ற சின்னப் புரதத்தில் 20 சிஸ்டீன்கள் உண்டு. அவற்றின் கந்தகத்தால் காட்மியம் போன்ற உலோகங்களை அது பிடித்து வைக்கும். இருந்தாலும் பிடித்த காட்மியம் சிறுநீரகத்தில் வருடக்கணக்கில் தங்கிவிடுகிறது.

பெயின்ட் வேலை இனி விடுமுறையில்தான் நடக்கும். சுரண்டும் இடத்தை ஈரமாக்கித்தான் சுரண்டுவார்கள். அப்புறம் தரை, பெஞ்ச், ஜன்னல் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்த பிறகே பிள்ளைகள் உள்ளே போவார்கள். வீட்டிலும் பழைய பெயின்ட் உதிர்ந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். இரும்புச்சத்து குறைந்த குடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும், அதனால் இரத்தசோகை என்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் வெளியே எதுவும் தெரியாது. சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பேட்டரி, பெயின்ட், சால்டரிங் வேலை பார்க்கும் பெற்றோரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். வேலை உடுப்பை அங்கேயே மாற்றிவிட்டு, குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்