எண்ண வேண்டியது எழுத்தை, பைட்டை அல்ல

சமூக ஊடகப் பதிவுகளுக்கான மேசைக்கணினிச் செயலியை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஒரு சொல்லுக்கே உங்கள் செயலியின் புதிய பதிப்பு பதிவின் நீள வரம்பிலிருந்து 21 இடத்தைக் கழித்துக்கொள்கிறது. வ, ண, க், க, ம் என்று ஐந்தே எழுத்து. புள்ளியைத் தனியாகக் கொண்டால், எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் ஒருங்குறியில் ஏழு குறியீடு, ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் அலகு). பெருக்கல் சரிதான், எதை எண்ணுவது என்பதில்தான் கோளாறு.

மாஸ்டடான் என்ற சமூக ஊடகத்தின் சேவையகம் ஒரு பதிவுக்கு இயல்பாகத் தருவது 500 எழுத்து. அதை 500 பைட் என்று நீங்கள் எடுத்துக்கொள்வதால் 166 குறியீட்டிலேயே, அதாவது ஏறத்தாழ 120 எழுத்திலேயே, இடம் தீர்ந்துவிடுகிறது. எவ்வளவு நீளமான இணைய இணைப்பையும் சேவையகம் 23 எழுத்து என்றே கொள்ளும். நீங்கள் முழு நீளத்தையும் கழிக்கிறீர்கள்.

இதையாவது பொறுக்கலாம். வேறிடத்தில் எழுதியதைக் கொண்டுவந்து ஒட்டினால், வரம்பைத் தாண்டியது சொல்லாமல் கொள்ளாமல் நறுக்கப்படுகிறது, அதுவும் எழுத்தின் நடுவில். 'பணி' என்று முடிய வேண்டியது 'பண' என்று நிற்கும். மூன்று பைட்டில் இரண்டு மிஞ்சினால் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. கன்ட்ரோல் இசட் அழுத்தினாலும் போனது திரும்பாது.

எழுத்தை எழுத்தாக எண்ணுங்கள். செயலி ஓடுவது எலக்ட்ரான் என்ற மென்பொருள் அடித்தளத்தில்; அதற்கு அடியில் உள்ள குரோமியம் உலாவியில் எழுத்து வாரியாகப் பிரிக்கும் செக்மென்ட்டர் என்ற கருவி 2020 முதலே இருக்கிறது. (ஸ்ரீ, க்ஷ இரண்டும் அதில் இரண்டிரண்டாக விழும். பரவாயில்லை.) வரம்பைச் செயலிக்குள் எழுதி வைக்கவும் வேண்டாம், சேவையகத்தைக் கேட்டாலே சொல்லும். ப்ளூஸ்கை என்ற மற்றொரு சமூக ஊடகத்தில் 300 எழுத்தோடு 3000 பைட் வரம்பும் உண்டு. தமிழ் எழுத்து ஒன்று பெரும்பாலும் ஆறு பைட்டைத் தாண்டாது என்பதால் அங்கே தமிழ்ப் பதிவு பைட் வரம்பில் முட்டவே முட்டாது.

ஒலிபெயர்ப்பு முறையில் (ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கி) எழுதுபவர் சொல்லை உறுதிசெய்ய என்டர் அழுத்தினால் பாதி எழுதிய பதிவு வெளியாகிவிடுவதும் பழைய கதை. இத்தனைக்கும் நடுவில் சின்னத்தின் நிறத்தை மாற்ற நேரம் கிடைத்திருக்கிறது. நிறம் அழகாகத்தான் இருக்கிறது.

குரல் சற்று உயர்ந்துவிட்டது, பொறுத்தருளுங்கள். எழுத்தை எழுத்தாக எண்ணுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. அதற்கு நாளாகும் என்றால், ஒட்டும்போது நறுக்குவதை மட்டுமாவது உடனே நிறுத்துங்கள். மிகுந்ததைச் சிவப்பில் காட்டினால் போதும், எதை வெட்டுவது என்பதை எழுதியவர் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தமிழில் பதிவிடும் பயனர்கள்